11 லட்சத்துக்கு வி8 எஸ் கிளாஸ் வருகிறது, வாங்கலாமா?

தம்பி கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். ஊர் கோயம்புத்தூர். கையில் 14 லட்சம் இருக்கிறது. டெல்லியில் ஒரு டீலரிடம் 2010 மாடல் மெர்சிடிஸ் எஸ் 500 எல் நிற்கிறது, 5.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல், மீட்டரில் 58,000 கிலோமீட்டர், டெல்லி நம்பர், "முழு இம்போர்ட்டட் வண்டி சார்" என்கிறார், கேட்பது 11 லட்சம். வீட்டிலோ "அதே காசுக்குப் புதுசா ஒரு சின்ன எஸ்யூவி எடுத்துட்டுப் போயேன்" என்கிறார்கள். வாங்கலாமா, கூடாதா?

இந்த வண்டி வேண்டாம். இந்த மாடலே வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். நானே இந்த மாதிரி பெரிய இன்ஜின் பழைய சலூன் கார் ஒன்றை ஆறு வருஷம் வைத்திருந்தவன், வீட்டில் திட்டு வாங்கியவன், இன்னொரு முறை வாங்குவேனா என்றால் வாங்குவேன். ஆனால் எல்லோரும் இன்ஜினில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது காகிதத்தில் இருந்து. இன்ஜின் கெட்டால் பணம் போகும், அவ்வளவுதான். காகிதம் கெட்டிருந்தால் வண்டியே போகும்.

டெல்லியில் ஏன் இந்த விலை? 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவும், 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும்தான் காரணம்: டெல்லி வட்டாரத்தில் டீசல் என்றால் 10 வருஷம், பெட்ரோல் என்றால் 15 வருஷம், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. 2025இல் அந்த மாதிரி வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்று ஆரம்பித்து, சில நாளிலேயே பின்வாங்கினார்கள், பிறகு உச்ச நீதிமன்றத்திலும் கொஞ்சம் தளர்வு வந்தது. ஆனாலும் அங்கே உள்ளவர்களுக்குப் பயம் போகவில்லை. 2010 பெட்ரோல் வண்டி என்றால் 15 வருஷம் முடிந்துவிட்டது, அல்லது முடிகிற நேரம். உள்ளூரில் வாங்க ஆள் இல்லாததால்தான் அது உங்கள் போனுக்கு வந்திருக்கிறது. உங்கள் அதிர்ஷ்டத்தால் அல்ல.

சரி, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாமே என்றால், போகலாம், படிவம் 28, அதாவது பழைய ஆர்டிஓ தருகிற தடையில்லாச் சான்று (என்ஓசி), கையில் இருந்தால். "நீங்க அட்வான்ஸ் போடுங்க சார், என்ஓசி ஒரு வாரத்துல வந்துடும்" என்று டீலர் சொன்னால், வந்த பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். ஆர்சி காலாவதியான பிறகு என்ஓசி எடுப்பது தனி அலைச்சல், அதில் நீங்கள் மாட்டக் கூடாது. லோன் பாக்கி இருந்தாலோ, லோன் முடிந்தும் அதைப் பதிவில் இருந்து எடுக்கிற படிவம் 35 போடாமல் விட்டிருந்தாலோ அது இன்னொரு அலைச்சல். மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டினாலே பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், ஹைப்பாத்திகேஷன் (லோன் அடமானம்) எல்லாம் வந்துவிடும், அதற்கு ஐந்து நிமிஷம் போதும், அதைக்கூடப் பார்க்காமல் டெல்லிக்கு டிக்கெட் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது "முழு இம்போர்ட்டட்" என்ற வார்த்தைக்கு வருவோம். நம்ம நாட்டில் ஓடுகிற எஸ் கிளாஸ் எல்லாமே கப்பலில் வந்தது இல்லை. மெர்சிடிஸ் 1995இல் இருந்தே புனேயில் அசெம்பிள் செய்கிறது, இப்போது சாகனில் தனி ஃபேக்டரி இருக்கிறது. பாகங்களாக வந்து இங்கே கோத்த வண்டியும் உண்டு, முழுசாக இறங்கிய வண்டியும் உண்டு. விற்கிறவருக்கு "இம்போர்ட்டட்" என்பது பெருமை. வாங்குகிற உங்களுக்கு அது செலவு. எப்படி என்கிறீர்களா? 15 வருஷம் முடிந்ததும் ஆர்சி புதுப்பிக்க சாதாரண காருக்கு 5,000 ரூபாய். ஆர்சியில் இறக்குமதி வாகனம் என்று இருந்தால் 40,000. இது 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறை. 20 வருஷம் தாண்டிவிட்டால், 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, சாதாரண காருக்கு 10,000, இறக்குமதிக்கு 80,000. புதுப்பித்தால் ஐந்து வருஷம், அவ்வளவுதான். ஒரே வண்டி, ஒரே வயசு, ஆர்சியில் ஒரு வார்த்தைக்காக எட்டு மடங்கு.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டு நம்பர் வாங்கும்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு 2023 நவம்பரில் இருந்து 20 சதவீதம். வெளிமாநிலப் பழைய வண்டிக்கு வயசுக்கேற்ப விகிதம் குறையும், ஆனால் கணக்கு ஆரம்பிப்பது நீங்கள் கொடுக்கிற 11 லட்சத்தில் இருந்து இல்லை, அந்த வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதில் இருந்து. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆர்டிஓ ஆபீஸில் இந்த மாடல், இந்த வருஷம் என்று சொல்லித் தொகையைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதை 11 லட்சத்தோடு கூட்டிப் பாருங்கள். டெல்லி விலைக்கும் நம்ம ஊர் விலைக்கும் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

"டெல்லி நம்பரிலேயே ஓட்டிக்கொள்கிறேன், இல்லை பாண்டிச்சேரி நம்பர் போட்டுக்கொள்கிறேன்" என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 12 மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் ஓடினால் அங்கே பதிவு மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. பாண்டிச்சேரியில் யாரோ ஒருவர் வீட்டு விலாசத்தைக் காட்டிப் பதிந்துவிட்டு, 2017இல் கேரளாவில் சினிமாக்காரர்களே போலீஸ் வழக்கைச் சந்தித்தார்கள். நீங்கள் அவ்வளவு பெரிய ஆள் இல்லை என்பது உங்களுக்கு நல்லதும் இல்லை, உங்களுக்கு வாதாட வக்கீல் படை கிடையாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய வெடி இருக்கிறது. உண்மையிலேயே வெளிநாட்டில் இருந்து தனியாள் கொண்டுவந்த வண்டி என்றால், சுங்கம் கட்டினார்களா? பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர விதி கறார். மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, வலதுபக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், வரியோ வண்டியின் மதிப்பைத் தாண்டிப் போகும். அதனால்தான் குறுக்குவழி. குடிபெயர்ந்து வருகிறவர் பெயரைக் காட்டி இறக்குவது, சுற்றுலாவுக்கு என்று கார்னே என்கிற தற்காலிக அனுமதிப் பத்திரத்தில் கொண்டுவந்து திருப்பி அனுப்பாமல் விட்டுவிடுவது, விலையைக் குறைத்துக் காட்டுவது எல்லாம் நடந்திருக்கிறது. 2013இல் சென்னையில் சிபிஐ இந்த மாதிரி இறக்குமதிக் கார்களைத் தேடி வீடுவீடாகப் போனது பலருக்கு நினைவிருக்கும். 2025 செப்டம்பரில் கேரளாவில் சுங்கத்துறை ஆபரேஷன் நும்கோர் என்று ஒன்று நடத்தியது. பூட்டான் வழியாக வந்ததாகச் சந்தேகப்பட்ட வண்டிகளைத் தேடிப்போய் எடுத்தார்கள், அதில் வண்டி நின்றது கடைசியாக வாங்கியவர் வாசலில்தான். விற்றவர் எங்கேயோ. வரித் தகராறு எவ்வளவு காலம் இழுக்கும் என்பதற்கு, 2012இல் இங்கிலாந்தில் இருந்து இறக்கிய ஒரு ரோல்ஸ் ராய்ஸுக்கு நுழைவு வரி கட்டுவதைப் பற்றிய வழக்கு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைப்புச் செய்தி ஆனதைப் பார்த்தீர்கள். ஒன்பது வருஷம்.

ஆகவே டீலரிடம் கேளுங்கள்: பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்த இறக்குமதிப் பத்திரம்) இருக்கிறதா, சுங்கம் கட்டிய ரசீது இருக்கிறதா, முதல் இன்வாய்ஸ் யார் பெயரில். கம்பெனி ஷோரூம் வழியாக விற்ற வண்டி என்றால் ஷோரூம் இன்வாய்ஸே போதும். அப்புறம் சேஸிஸ் நம்பர். இந்த மாடலில் நம்பரின் நடுவிலேயே 221171 என்று வரும், 221 என்பது அந்தத் தலைமுறை, 171 என்பது நீளமான எஸ் 500. அதற்கு அடுத்த எண் 2 என்றால் ஃபேக்டரியிலேயே வலதுபக்க ஸ்டியரிங், 1 என்றால் இடதுபக்கம். வண்டியில் ஸ்டியரிங் வலதுபக்கம் இருந்து நம்பரில் 1 இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், டீ கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

சரி, காகிதம் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி எப்படி?

உண்மையைச் சொன்னால் நீங்கள் தேர்ந்தெடுத்த இன்ஜின் நல்ல இன்ஜின். 2005இல் இருந்து 2013 வரை வந்த அந்தத் தலைமுறையில் எஸ் 500க்கு முதலில் வந்தது 5,461 சிசி வி8, டர்போ இல்லாதது, 388 குதிரைத்திறன். அதற்குப் பின்னால் 4.7 லிட்டர் இரட்டை டர்போ வந்தது, வேகம் கூடுதல், தலைவலியும் கூடுதல். டர்போ இல்லாத பெரிய வி8 இனி புதிதாக யாரும் நமக்குச் செய்து தரப்போவதில்லை, அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 2006 கடைசிக்கு முன்னால் செய்த இன்ஜின்களில் டைமிங் செயினோடு ஓடும் ஐட்லர் கியரின் பல் தேயும், அதை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். 2010 வண்டிக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லீவர் உடைவது, கேம்ஷாஃப்ட் மேக்னட்டில் கசிகிற ஆயில் வயருக்குள்ளேயே ஏறி இன்ஜின் கம்ப்யூட்டர் (ஈசியூ) வரைக்கும் போவது, சிலிண்டர் ஹெட்டின் பின்னால் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மூடியில் கசிவது, இதெல்லாம் வயசானால் வரும். மேக்னட் கனெக்டரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் பேரம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

கியர்பாக்ஸ் 7ஜி டிரானிக், ஏழு கியர் ஆட்டோமேட்டிக். உள்ளே இருக்கும் கண்டக்டர் பிளேட்டில் ஸ்பீட் சென்சார் செத்தால் வண்டி ஒரே கியரில் நின்றுகொள்ளும், பிளேட்டை மாற்றி அந்த வண்டிக்கே கோடிங் போட வேண்டும், எல்லா மெக்கானிக்காலும் முடியாது. "இதுக்கு கியர் ஆயில் மாத்தவே வேண்டாம் சார், லைஃப்டைம்" என்று சொல்கிற ஆளிடம் வண்டி வாங்காதீர்கள். சுமார் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

இந்த வண்டியின் உயிர் ஏர் சஸ்பென்ஷனில் இருக்கிறது. ரப்பர் பைக்குள் காற்று, அவ்வளவுதான் தத்துவம், நம்ம ஊர் வெயிலில் ரப்பர் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பை லேசாகக் கசிய ஆரம்பித்தால் கம்ப்ரஸர் விடாமல் ஓடிச் சூடாகி அதுவும் போகும், ஒன்றுக்கு இரண்டு செலவு. சோதிக்க மெஷின் எல்லாம் வேண்டாம். சாயங்காலம் வண்டியை சமதளத்தில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இருக்கிறது என்று நாலு சக்கரத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மறுபடி பாருங்கள். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

இதில் டீலர்கள் செய்யும் வேலை ஒன்று சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் ஒரு நண்பருக்காக வெளியூரில் ஒரு பெரிய ஜெர்மன் சலூனைப் பார்க்கப் போனோம், கம்பெனி பெயர் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் வேண்டுமென்றே ஏழே காலுக்குப் போய் நின்றேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது, உள்ளே ஒரு பையன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பானெட்டில் கையை வைத்தேன், சுட்டது. "தம்பி, எப்பப்பா ஸ்டார்ட் பண்ணே?" என்றேன். "ஆறு மணிக்கே ஓட வெச்சாச்சு சார், ஓனர் சொன்னாரு" என்றான் வெள்ளந்தியாக. நாங்கள் ஒன்றும் சொல்லாமல் லாட்ஜுக்குத் திரும்பிப் போய், மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆறரைக்கு வந்து, ஆறின வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். சாவியைத் திருப்பியதும் நாலைந்து விநாடி, டப்பாவுக்குள் ஆணி குலுக்குகிற மாதிரி செயின் சத்தம், பிறகு அடங்கிவிட்டது. பின்னால் நீலப் புகை ஒரு மூட்டம். முன்பக்கம் இடது மூலை டயரின் மேல் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் பத்து மணிக்குப் போயிருந்தால் இந்த மூன்றும் தெரிந்திருக்காது. நண்பர் ஓனரைப் பார்த்தார், ஓனர் பையனைப் பார்த்தார். எனக்கு அந்தப் பையனை நினைத்துத்தான் கஷ்டமாக இருந்தது.

மீட்டர் 58,000 என்பதை நம்பாதீர்கள். மீட்டரைக் குறைப்பது அரை மணி நேர வேலை. அதிகாரப்பூர்வ சர்வீஸில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து ஹிஸ்டரி கேளுங்கள், ஸ்கேன் போடத் தெரிந்த ஆளை வைத்து மற்ற மாட்யூல்களில் எவ்வளவு கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்டியரிங் தோலின் பளபளப்பு, பிரேக் பெடல் ரப்பர், டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம், இவை பொய் சொல்லாது. இந்த வண்டிகளில் முதலாளி பின்னால் உட்கார்ந்திருப்பார் என்பதால் பின் சீட்டின் இடது பக்கத்தையும் பாருங்கள். டயரில் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். நாலு டயரும் வேறு வேறு வருஷம், வேறு வேறு பிராண்ட் என்றால் கடைசி உரிமையாளர் காசைக் கையில் இறுக்கிப் பிடித்தே ஓட்டியிருக்கிறார், ஆயிலையும் அப்படித்தான் மாற்றியிருப்பார்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியா என்பதும் முக்கியம், டெல்லி வண்டிக்கு மட்டும் இல்லை, சென்னை வண்டிக்குத்தான் இன்னும் அதிகம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய பெரிய கார்கள் இன்சூரன்ஸ் ஏலத்தில் போய், சுத்தம் செய்து, வேறு ஊரில் விற்பனைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக்கோடு இருக்கிறதா. டிக்கியில் கம்பளத்தைத் தூக்குங்கள், பேட்டரி அங்கேதான் இருக்கிறது. ஏசி போட்டதும் முதலில் வருகிற வாசனை. உள்ளே வாசனைப் பாட்டில் நாலு தொங்கினால் எனக்கு அப்போதே சந்தேகம்.

ஓட்டுகிற செலவு. கோவை ஊருக்குள் லிட்டருக்கு நாலரை, ஐந்து. சேலம் ரோட்டில் நிதானமாகப் போனால் எட்டு, ஒன்பது. டேங்க் 90 லிட்டர், நிரப்பினால் 9,000 ரூபாய்க்கு மேல், ஊருக்குள் 400 கிலோமீட்டர். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்றால் 20,000 ரூபாய்க்கு மேல் பெட்ரோலுக்கே. இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், இந்த வண்டி 10 சதவீத எத்தனாலை மனதில் வைத்துச் செய்தது. ஓட்டிக்கொண்டே இருந்தால் பரவாயில்லை, மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தினால் ரப்பரும் பம்பும் அடிபடும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் எத்தனால் இல்லாத எக்ஸ்பி 100 (இந்தியன் ஆயிலின் பெட்ரோல்) கிடைக்கிற பங்க்கில் ஊற்றி நிறுத்துங்கள், விலை சாதாரண பெட்ரோலைவிட ரொம்ப அதிகம். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 1,500 சிசிக்கு மேல் எல்லா காருக்கும் ஒன்றுதான், வருஷம் 7,897. இந்த வண்டியில் மலிவான விஷயம் அது ஒன்றுதான்.

ரிப்பேர்? வண்டி விலை ஒரு கோடியில் இருந்து 11 லட்சத்துக்கு இறங்கியிருக்கலாம், அதன் ஹெட்லைட் விலை இறங்கவில்லை. நான் வைத்திருந்த வண்டிக்கு (அதுவும் எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை) வாங்கிய முதல் வருஷம், முந்தின ஆள் தள்ளிப்போட்ட வேலைகளுக்கு மட்டும் மூன்றேகால் லட்சம் ஆனது. முன்பக்க இரண்டு ஸ்ட்ரட் (காற்றுப் பை உள்ள சஸ்பென்ஷன் கால்), கம்ப்ரஸர், டயர், இன்ஜின் மவுண்ட், எல்லா ஆயிலும். அதற்குப் பிறகு வருஷம் ஒன்று, ஒன்றரை லட்சம். சென்னை புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், கதவுக் கைப்பிடி கிடைக்கும், கண்ட்ரோல் மாட்யூல் கிடைத்தாலும் உங்கள் வண்டியோடு பேசாது. ஷார்ஜாவில் இருந்து பழைய பாகம் வரவழைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், பாடி, லைட், சீட் மாதிரி சாமான்களுக்கு நல்ல வழி. ஏர் ஸ்ட்ரட்டைப் பழசாக வாங்காதீர்கள், அதுவும் அதே வயசு ரப்பர்தான்.

வேறு என்ன பார்க்கலாம் என்றால், 750 பிஎம்டபிள்யூ அதே காலத்தில் வந்தது விலை இன்னும் குறைவாக இருக்கும், அந்த 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது, அமெரிக்காவில் 2014இல் கம்பெனியே அந்த இன்ஜினுக்குத் தனியாக ஒரு கவனிப்புத் திட்டம் அறிவித்தது. டர்போ இரண்டும் வி நடுவில் உட்கார்ந்து வேகும், நம்ம வெயிலுக்கு வேண்டாம். எஸ் 600 வி12 பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், 24 ஸ்பார்க் பிளக், அதன் சஸ்பென்ஷன் காற்றில் இல்லை, உயர் அழுத்த எண்ணெயில் ஓடுகிறது. மூன்று லிட்டர் டீசல் எஸ் கிளாஸ்தான் புத்திசாலித்தனம், ஆனால் வி8 கேட்டவருக்கு டீசலைக் கொடுப்பது பிரியாணி கேட்டவருக்குத் தயிர்சாதம் கொடுக்கிற மாதிரி, உடம்புக்கு நல்லதுதான்.

உங்களுக்கு என் கணக்கு இது. முதலில் இருந்தே தமிழ்நாடு நம்பர், ஒன்று அல்லது இரண்டு உரிமையாளர், 2008இல் இருந்து 2010க்குள் அதே 5.5 லிட்டர், சர்வீஸ் பில் கட்டோடு இருக்கிற வண்டி கிடைத்தால், எடுங்கள். ஆனால் 14 லட்சத்தையும் வண்டிக்கே போடாதீர்கள். பத்துக்குள் முடித்து நாலை பேங்கில் வையுங்கள், முதல் வருஷத்துக்குள் அது போய்விடும். வீட்டில் இன்னொரு சின்ன கார் இருக்க வேண்டும், இது ஒர்க்‌ஷாப்பில் பத்து நாள் நிற்கும்போது பிள்ளைகளை ஸ்கூலில் விட. அது இல்லை, இந்த வண்டிதான் ஒரே வண்டி என்றால் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள்.

டெல்லிக்காரரிடம் இன்னும் ஆசை விடவில்லை என்றால், அட்வான்ஸ் போடாமல், ஆர்சியின் இரண்டு பக்கமும், என்ஓசியும், சேஸிஸ் நம்பர் பதித்த இடமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். "நேர்ல வாங்க சார், எல்லாம் காட்டுறேன்" என்று மட்டும் பதில் வந்தால், அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டுத் தூங்குங்கள்.